அயோத்தியாப்பட்டணத்து வீட்டுக்காரம்மா

நூலின் ஒரு முனை அக்சிலியாவின் பல்லிடுக்கில் இருக்கிறது. மற்றது இரண்டு கை விரல்களிலும் கத்தரிபோல் பிரிந்து, நாற்காலியில் சாய்ந்திருக்கும் பெண்ணின் புருவத்தில் ஓடுகிறது. பவுடர் டப்பாமீது சாய்த்து வைத்த கைபேசியில் பிளம்பர் சத்தமாகப் பேசுகிறார்.

"அக்கா, டேங்க் வால்வு போயிருச்சுங்க. மாத்திரலாமா?"

"ம்."

"பித்தளையே போட்டரட்டுங்களா?"

"ம்ம்."

"பழசை நானே எடுத்துக்கறனுங்க."

"ம்ஹும்!"

நூல் நிற்கவில்லை. புருவமும் கோணவில்லை.

சேலம் அரிசிப்பாளையத்தில் அக்சிலியாவின் அழகு நிலையம் ஒற்றை அறைதான். பின்பக்கம் குடியிருப்பு. இரண்டுமே வாடகை. கணவர் ஜெரால்ட், போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்விடுவார். மழைக்காலத்தில் வருவார். இடைப்பட்ட மாதங்களில் கேஸ் சிலிண்டர் முதல் கல்யாண மொய் வரை எல்லா முடிவும் அக்சிலியாவுடையதே. போன வருடம் ஒரு வீட்டையும் அப்படித்தான் வாங்கினார்.

அயோத்தியாப்பட்டணத்தில், ஆத்தூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன். நான் அவருடைய நெடுநாள் வாடிக்கைக்காரி; "என் வீடு" என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. "அயோத்தியாப்பட்டணத்துல குழாய் ஒழுகுது", "அயோத்தியாப்பட்டணத்துக்குப் போயிட்டு வாரேன்" என்பார். மகளைக் கட்டிக்கொடுத்த ஊரைச் சொல்வது போலிருக்கும்.

வீடு பார்த்த விதமே தனி. புரோக்கர் வெயில் நாளில் கூப்பிட்டால் போகமாட்டார். மழை பிடித்துக்கொண்டதும் கடையைப் பூட்டி, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். "வெயில்ல எல்லா ஊடும் அழகாத்தான் இருக்கும் சாமி. தண்ணி எந்தப் பக்கம் நிக்குது, எந்தச் செவுரு குடிக்குதுன்னு மழையில போய்ப் பாக்கோணும்." தொப்பலாக நனைந்த புரோக்கர் முணுமுணுத்தபடியே காட்டிய மூன்றாவது வீடு இது.

சொந்தக்காரர்களுக்கு ஆறவில்லை. கடன் போட்டு வாங்கிய வீட்டில் குடிபோகாமல் வாடகைக்கு விடுகிறாளே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அக்சிலியாவிடம் ஒரே பதில்தான். "நான் அங்க போய் உக்காந்துட்டா இங்க யாரு புருவம் எடுப்பா? ஊடு சம்பாதிக்கட்டும், நானும் சம்பாதிக்கறேன். ரெண்டு பேருமா சேந்து லோன் கட்டறோம்."

அந்த வீட்டோடு வெங்கடாசலம் ஐயாவும் வந்தார்.

கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவியோடு மேல் போர்ஷனில் நெடுங்காலமாகக் குடியிருக்கிறார். பழைய உரிமையாளர் பெங்களூரில் இருந்ததால், கேட்டின் பூட்டு, மோட்டார் சுவிட்ச், வாசல் முருங்கை எல்லாம் இவர் கைக்கு வந்திருந்தன. பத்திரம் முடிந்த மறுநாள் இனிப்புப் பெட்டியோடு போய் நின்ற அக்சிலியாவை, பூட்டிய கேட்டுக்கு உள்ளே நின்றபடி, "யாரம்மா நீங்க?" என்று கேட்டார். விவரம் தெரிந்ததும் திறந்து, ஒவ்வோர் அறையாகச் சுற்றிக் காட்டி, காபியும் கொடுத்தார். அக்சிலியா மறுக்காமல் குடித்தார். "என்ற ஊட்டுலயே நான் விருந்தாளி" என்று அன்று மாலை கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ஆவணி வரைதான்.

கீழ் போர்ஷன் காலியாக இருந்தது. கேட்டில் தொங்கிய பலகையில் எண்ணைப் பார்த்து அபிநயா என்ற பெண் கூப்பிட்டார். ஜவுளிக்கடையில் பில் போடுபவர். கணவரைப் பிரிந்து வந்தவர், பள்ளிக்குப் போகும் ஒரு மகள் உண்டு. போய்ப் பாருங்கள் என்றார் அக்சிலியா. அரை மணியில் அந்தப் பெண் திரும்பக் கூப்பிட்டார்.

"ஓனர் ஐயா குடுக்க முடியாதுன்னுட்டாருங்க."

"எந்த ஓனரு?"

"மாடியில இருக்காரே, அவருங்க. தனியா இருக்கற பொம்பளைக்கெல்லாம் விடறதில்லைன்னு..."

நான் அப்போது கடையில்தான் இருந்தேன். அக்சிலியா கடையைச் சாத்தினார். "வாங்க சாமி, ஒரு எட்டு போயிட்டு வந்தரலாம்" என்று என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார்.

வெங்கடாசலம் ஐயா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அக்சிலியா நின்றபடியே கேட்டார். "கீழ ஊடு பாக்க வந்த பொண்ணை அனுப்பிட்டீங்களாமே, ஏனுங்க ஐயா?"

"உங்க நல்லதுக்குத்தாம்மா. உங்களுக்கு அனுபவம் போதாது. ஆம்பளை இல்லாத குடும்பம், நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? அக்கம்பக்கத்துல பேசுவாங்க."

"என்ற ஊட்டுக்காரரும் வருஷத்துல பாதி நாள் ஊருல இல்லீங்க. நானும் தனியாத்தான் இருக்கறேன். நான் குடி வந்தா எனக்கும் ஊடு இல்லைம்பீங்களா?"

"நீங்க வேற, அது வேறம்மா."

"எனக்கு அது வேறயாத் தெரியலீங்க. அந்தப் பொண்ணு அடுத்த வாரம் பால் காய்ச்சுது. இந்த ஊட்டுக்கு யாரு வரோணும், யாரு வரக்கூடாதுன்னு இனிமே நான் சொல்றனுங்க."

கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார் அவர். இந்த வீட்டை இத்தனை வருடம் தன் வீடாகப் பார்த்துக்கொண்டதற்கு இது மரியாதையில்லை என்றார். அப்படியென்றால் தான் காலி செய்துகொள்வதாகச் சொன்னார். அக்சிலியா இருந்துவிடச் சொல்லிக் கெஞ்சுவார் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். "உங்க இஷ்டமுங்க. அட்வான்ஸ் எப்ப வேணும்னாலும் வாங்கிக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்சிலியா படியிறங்கினார்.

அன்றிரவு ஜெரால்ட் போனில் கத்தினாராம். பெரியவரைச் சீண்டியிருக்க வேண்டாம், மேலே காலியாக நின்றால் லோனுக்கு என்ன செய்வது என்று. "எனக்குக் குடியிருக்க ஆளு வேணும், ஓனரு வேணாம்" என்று பதில் சொல்லியிருக்கிறார் அக்சிலியா. ஆனால் மறுநாள் ஒரு கல்லூரிப் பெண்ணுக்குச் சொன்னதைவிட நான்கு விரற்கடை கூடுதலாக முடியை வெட்டிவிட்டார். அவரிடம் நான் பார்த்த பதற்றம் அது ஒன்றுதான்.

அபிநயா குடிவந்தார். முதல் வாரத்திலேயே கீழ்வீட்டுக் குழாயில் காலை நேரத்துத் தண்ணீர் நிற்க ஆரம்பித்தது. மோட்டார் சுவிட்ச் மாடியில் இருந்ததல்லவா? அக்சிலியா சண்டைக்குப் போகவில்லை. எலக்ட்ரீசியனை அனுப்பிக் கீழேயும் ஒரு சுவிட்ச் வைக்கச் சொன்னார். வெங்கடாசலம் ஐயா மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாராம். எலக்ட்ரீசியன் வந்து சொன்னார்.

வெங்கடாசலம் ஐயா வேறு வீடு தேடிக்கொண்டிருந்தார். அம்மாபேட்டையில் பார்த்தார், கொண்டப்பநாயக்கன்பட்டி வரைகூடப் போய்ப் பார்த்தார் என்று அபிநயா மூலம் செய்தி வரும். அக்சிலியா கேட்டுக்கொள்வார். மேல் போர்ஷனுக்குப் புதிதாக ஆள் தேடவுமில்லை, அவசரப்படுத்தவுமில்லை.

கார்த்திகையில் ஒரு பகல். தலை முழுக்க மருதாணியோடு நான் கடைக்குள் உட்கார்ந்திருந்தேன். வாசலில் வெங்கடாசலம் ஐயா நின்றார். பெண்கள் கடை என்பதால் படியேறாமல், ரோட்டு ஓரமாக, வெயிலில் நின்றார். அக்சிலியா கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே போனார்.

"எங்கயும் அமையலைம்மா" என்றார் அவர். குரலில் பழைய அதிகாரம் இல்லை. "வயசைக் கேக்கறாங்க. பசங்க எங்க இருக்காங்கன்னு கேக்கறாங்க. துபாய்ல இருக்கான்னா, ஆஸ்பத்திரிக்கு யாரு தூக்கிட்டு ஓடுவாங்கன்னு கேக்கறாங்க. ஒருத்தன் நேராவே சொல்லிட்டான். இங்க ஏதாவது ஆயிப்போச்சுன்னா அப்புறம் அந்த ஊட்டுக்கு எவனும் குடி வரமாட்டான்னு. அவளை வெச்சுக்கிட்டே சொல்றான்."

அவள் என்று சொன்னது மனைவியை.

அக்சிலியாவுக்கு நாக்கு நீளம். வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் அது தெரியும். இந்த இடத்தில் சொல்வதற்கு அவரிடம் என்னென்ன இருந்திருக்கும் என்று உள்ளே உட்கார்ந்திருந்த நானே யோசித்துப் பார்த்தேன். அவர் எதையும் எடுக்கவில்லை.

"அந்தக் கீழ்வீட்டுப் பொண்ணை அன்னிக்கு நான்..." என்று பெரியவர் ஆரம்பித்தார்.

"அது முடிஞ்சு போச்சுங்க ஐயா. பாத்திரம் பண்டமெல்லாம் கட்டி வெச்சிருக்கீங்களாமே, அதைப் பிரிக்கச் சொல்லுங்க. கேட்டை மட்டும் பகல்ல பூட்டாதீங்க, குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வந்து வெளிய நிக்குது."

அவர் தலையாட்டினார். போவதா நிற்பதா என்று தெரியாமல் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அக்சிலியா உள்ளே வந்தார். சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி, அதில் ஒட்டியிருந்த முடிகளைத் தன் துப்பட்டாவால் துடைத்தார். வெளியே கொண்டுபோய், கடை நிழல் விழும் இடமாகப் பார்த்துப் போட்டார். ஒரு கால் ஆடியது. குனிந்து ஒரு கல் துண்டை அதன் அடியில் செருகி, கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, தள்ளி நின்றுகொண்டார்.