பச்சை விளக்கும் பாஸிலாவும்

பேகம்பூரில் ஒரு பாத்திரக்கடை மாடியில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கான கட்டுரைகளை எக்ஸ்எம்எல் கோப்பாக மாற்றி அனுப்புகிறோம். தலைப்புக்கு ஒரு கட்டம், ஆசிரியர் பெயருக்கு ஒன்று, குடும்பப் பெயருக்கு ஒன்று என்று பிரித்து அடைப்பதுதான் வேலை. அடைத்ததைப் பாஸிலா அக்கா ஒருமுறை படித்துப் பார்த்தால்தான் கோப்பு வாசல் தாண்டும். அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. கணவர் இறந்தபிறகு அந்தச் சம்பளத்தில்தான் மகளை நர்சிங் படிக்கவைக்கிறார்.

முதலாளி ஆண்டனிராஜுக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. சரிபார்க்கக் கருவி இருக்கும்போது ஆள் எதற்கு? நல்ல கருவியாகப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை அக்காவிடமே கொடுத்தார். இந்தச் சாமர்த்தியம் எல்லாருக்கும் வராது.

அக்கா இரண்டைக் காட்டினார். முதலாவது, ஸ்கீமா என்கிற வரைவோடு ஒப்பிட்டு, கட்டங்கள் இருக்கின்றனவா, காலியாக இல்லையா என்று பார்க்கும். சரியென்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. இரண்டாவது, அதற்குமேல் நாம் எழுதிக்கொடுக்கும் விதிகளையும் பார்க்கும். ஆனால் அவற்றை யாராவது உட்கார்ந்து எழுதவேண்டும். முதலாளிக்கு எழுதவேண்டாததே பிடித்தது. ஒரு வாரம் அது தனியாக ஓடட்டும், எந்தக் கோப்பும் திரும்பி வராவிட்டால் அக்கா மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம் என்றார்.

வாரம் முழுக்க ஒரே பச்சை.

கடைசி நாள், சும்மா இருக்கமுடியாமல் அக்கா கோப்புகளைப் புரட்டினார். மண்புழுவை ஆராயும் இந்தோனேசியர் ஒருவர். பெயர் சுபர்மான். குடும்பப் பெயர் ஒச்சப்பன்.

தட்டச்சு செய்த சாணார்பட்டி அழகுராஜாவைக் கூப்பிட்டார். "ஏப்பா, இவருக்கு எப்படி ஒச்சப்பன்?"

"அந்தாளுக்கு ஒத்தப் பேருதான்க்கா. கட்டம் காலியா இருந்தா செவப்பு காட்டுது. அவங்கப்பா பேரு நமக்கு எப்படித் தெரியும்? அதான் எங்கப்பா பேரப் போட்டேன்."

குடும்பப் பெயர் கேட்டால் அப்பா பெயரை எழுதுவதுதான் நம்மூர் வழக்கம். அதில் அவனைக் குறைசொல்ல முடியாது. யாருடைய அப்பா என்பதில்தான் பிசகு.

"பேசாம இருங்கக்கா, கோப்பு திரும்பி வரட்டும், உங்க வேலை தப்பிக்கும்" என்று காதோடு சொன்னேன்.

"பாடுபட்டு எழுதின மனுசன் பேரு கெட்டுப்போகும்ல?" என்று நேரே முதலாளி அறைக்குப் போனார். எனக்குக் கோபமான கோபம். பின்னாலேயே போனேன்.

முதலாளி கோப்பைப் பார்த்தார். அப்போதும் பச்சைதான் காட்டியது. "இத எந்தக் கருவிம்மா கண்டுபிடிக்கும்?"

"ரெண்டாவது பிடிக்கும் சார். யாராச்சும் விதி எழுதிக் கொடுத்தா."

"அப்ப நீங்களே எழுதுங்க. எழுதி முடியிற வரைக்கும் இருங்க."

அக்கா எங்கள் எல்லோரிடமும் அப்பா பெயரைக் கேட்டு வாங்கினார். இந்தப் பெயர்கள் குடும்பப் பெயராக வந்தால் நிறுத்து என்று முதல் விதியை எழுதினார். பிறகு கண் கலங்கி என்னிடம் கேட்டார்: "இத வச்சு எம்புட்டு நாளைக்கு ஓட்டமுடியும்? ஒரு மாசம்?"

அழகுராஜா திரையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "நான் இருக்கேன்ல. அம்புட்டு சீக்கிரம் முடிஞ்சிராதுக்கா."