அருள்தாஸ் பாஸின் முக்கால் சுற்று

தெரணியகலைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில் மெக்கானிக் அருள்தாஸை எல்லோரும், தொழில்காரரை அழைக்கும் வழக்கப்படி, ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்துக்கு விறகு போட வந்தவர், பக்கத்து லொறி ஷெட்டில் பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டார். அளக்காத சாமானை அவர் எஞ்சினில் மாட்டியதில்லை.

மேல் டிவிசனுக்கு ஏறக்கூடிய ஒரே வண்டி தோட்டத்துப் பழைய ஜீப். பிரசவ வலி கண்டவர்களும் காய்ச்சல் பிள்ளைகளும் அதில்தான் ஆஸ்பத்திரிக்கு இறங்குவார்கள். 1998இல் அது பாதி மேட்டில் அடிக்கடி நின்றுபோனது. “சனிக்கிழமை மேடு ஏறணும். இல்லாட்டி பழைய இரும்புக்குத்தான்” என்று தோட்டத்தை நடத்தும் தொரை சொல்லிவிட்டார். அந்தச் சனிக்கிழமை காலையிலேயே இரும்பு வாங்கும் ஜமால்தீன் எம்பிலிப்பிட்டியவிலிருந்து லொறியோடு வந்து ஷெட் வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

“கழட்டினத மாட்டாதீங்க பாஸ். எனக்கு வேல மிச்சம்.”

“கட்டி ஏத்த கயிறு இருக்கா நானா?” என்று அண்ணனை அழைப்பதுபோல் கேட்டார் அருள்தாஸ்.

“சங்கிலியே இருக்கு.”

“நல்லது. போற வழியில ஒங்க லொறி நின்னா இழுக்க ஒதவும்.”

வரக்காப்பொலை கராஜில் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை இரண்டு தரம் சீவியிருந்தார்கள். ஹெட் தணிந்ததால், கீழிருந்து வால்வைத் தள்ளும் புஷ் ரொட் கம்பிகள் நீளம் அதிகமாகிவிட்டன. கம்பி ஊன்றி நிற்கும் டெப்பட்டுக்குள் ஸ்பிரிங் வைத்த சின்னப் பிஸ்டன் உண்டு. கம்பி அதைக் கொஞ்சம் அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் சத்தம் போடும். அடிவரை அமுக்கினால் வால்வு மூடாது, வண்டி இழுக்காது.

அருள்தாஸ் ஒரு பழைய கம்பியை வெட்டி, நடுவில் மரை வைத்து, நீட்டவும் குறைக்கவும் முடிகிறபடி செய்திருந்தார். ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர். எஞ்சினைக் கையால் திருப்பி, வால்வு மூடியிருக்கும் இடத்தில் நிறுத்தி, கம்பிக்கு மேலே வால்வை அழுத்தும் ரொக்கரை ஒதுக்கி அந்த அளவுக் கம்பியை நுழைத்தார். மேலும் கீழும் அசைத்தபடியே நீட்டினார். ஆட்டம் அற்றுப்போன அந்த நீளத்தோடு முக்கால் சுற்று கூட்டினால் சரியான கம்பி.

அளவு கிடைத்தது! உறுதிக்காக ரொக்கர் தாங்கியின் போல்ட்டுகளை இறுக்கிவிட்டு மறுபடி பார்த்தார். அளவு மாறியிருந்தது. இன்னும் இறுக்கினார். இன்னும் மாறியது.

“சின்னத்தம்பி! இரும்பு நசுங்குமாடா?”

டிரைவர் சின்னத்தம்பி குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தான்.

பாஸ் தாங்கிக்கு அடியில் பிளேடை விட்டார். கறுப்பாக ஒரு சுருள் வந்தது. முகர்ந்தார். புகைக்கூடத்து வாடை!

“ஷீட்டு ரப்பரு! நம்ம ஷீட்டு ரப்பரு!”

ஆடும் மேசைக்கும் ஒழுகும் குழாய்க்கும் அந்தத் தோட்டத்தில் அதுதான் மருந்து.

“கம்பி நீளம்னு நீங்கதானே சொன்னீங்க பாஸ்? அதான் தாங்கிய கொஞ்சம் ஒசத்தி வச்சேன். மொத நாள் ஜம்முனு ஏறிச்சே!” என்றான் சின்னத்தம்பி.

“ஏறும்! சூட்டுல நசுங்கினதும் நிக்கும். ஒண்ணும் ஓடாத ஒன் தலையில வச்சிருந்தா நசுங்காம அங்கேயே இருந்திருக்கும்!”

ஜமால்தீன் விழுந்து விழுந்து சிரித்தார்.

ரப்பரைச் சுரண்டி எடுத்துவிட்டு அளந்தபோது, எத்தனை தரம் இறுக்கினாலும் அளவு அசையவில்லை. அருள்தாஸ் கம்பிகளின் முனையைக் கழற்றி, ஃபெக்டரி லேத்தில் அவற்றின் குழாய் உடலைக் குறைத்து, முனையைத் திரும்ப அடித்து இறக்கினார். ஒவ்வொன்றையும் அளந்த பிறகே மாட்டினார்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் எஞ்சின் பிடித்தது. கொஞ்ச நேரம் தட்டிச் சத்தம் போட்டு, பிறகு சீராக ஓடியது.

“ஏறுங்க நானா! பாரம் வேணும்.”

பின்னால் ஜமால்தீன், ஓட்டுவது சின்னத்தம்பி, பக்கத்தில் காதைக் கொடுத்தபடி அருள்தாஸ். வழக்கமாக நிற்கும் வளைவு வந்தது. சின்னத்தம்பி கியரை இறக்கினான். ஜீப் மூச்சு வாங்காமல் தாண்டியது. “போ! போ!” என்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியது இரும்பு வியாபாரிதான்.

மேல் லயத்து வீடுகளிலிருந்து பெண்கள் சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள்.

ஜமால்தீன் இறங்கித் தொப்பியைச் சரிசெய்தார். “இப்ப தொரைக்கிட்ட நான் என்னத்தச் சொல்ல?”

“ஏறிச்சுன்னு சொல்லுங்க,” என்றார் அருள்தாஸ். “நீங்கதானே சாட்சி.”