சேந்த வாரத்துல எழுதுனதுங்க

ஒரு வெள்ளிக்கிழமை காலை, தோசைக்கல் அடுப்பில் இருக்கும்போதே அண்ணி சொல்லிவிட்டார். திங்கட்கிழமை வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்கடுத்த வாரம் கோடிங் பயிற்சி வகுப்பில் சேரப்போகிறாராம். ஆறு மாத வகுப்பு. காலை முதல் மாலை வரை நடக்கும் என்பதால் வேலையில் இருந்துகொண்டு படிக்க முடியாது.

அண்ணிக்குக் கோவை கணபதியில் உள்ள ஒரு பம்ப்செட் கம்பெனியில் சர்வீஸ் பிரிவில் வேலை. மோட்டார் வாங்கியவர்களுக்குப் போன் போட்டுக் குறை கேட்க வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு வருடக்கணக்காக இதையே செய்துகொண்டிருக்கிறோமே என்ற சலிப்பு அவருக்கு இருந்தது. ஆனால் அந்த நாற்காலியை விட்டால் அடுத்த நாளே வேறு ஆள் உட்கார்ந்துவிடும். திரும்பிப் போக முடியாது.

"எத்தன பேரு எழுதியிருக்காங்க பாருங்க. அத்தன பேருமா பொய் சொல்லுவாங்க?" என்று போனை அண்ணனிடம் நீட்டினார். கோவைப் பக்கத்து ஆட்கள் நிறைய எழுதும் ஓர் இணையக் குழு அது. அந்தப் பயிற்சி நிலையத்தில் படித்து வேலைக்குப் போனவர்களின் கதைகள் வரிசையாக இருந்தன.

அண்ணன் போனை வாங்கவேயில்லை. "மாப்பிள்ளை பெரிய கம்பெனின்னுதான் கல்யாணப் பத்திரிகைல போடறாங்க. போயிப் பாத்தா கம்பெனி மட்டும்தான் பெருசா இருக்குது. நம்ம புள்ளையக் கேளு. கொறை கண்டுபுடிக்கறதுக்குத்தான அதுக்குச் சம்பளமே குடுக்கறாங்க."

நான் மென்பொருள் சோதனை செய்பவள். சரவணம்பட்டியில் அலுவலகம். அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதைகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். எதைப் படித்தாலும் கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டு படிப்பதுதான் என் பழக்கம். வேலையின் பெயர் சொல்லியிருக்கிறதா? படிப்பு முடிந்து எவ்வளவு நாளில் கிடைத்தது? கஷ்டப்பட்டதைப் பற்றி ஒரு வரியாவது உண்டா? கீழே யாராவது சந்தேகம் கேட்டால் எழுதியவர் பதில் சொல்கிறாரா?

பெரும்பாலான கதைகள் முதல் கேள்வியிலேயே உதிர்ந்துவிட்டன. 'என் வாழ்க்கையே மாறிவிட்டது' என்று இருக்கும், என்ன வேலை என்று இருக்காது. ஒருவருக்கு அதே பயிற்சி நிலையத்திலேயே சொல்லிக் கொடுக்கும் வேலை கிடைத்திருந்தது. இரண்டு கதைகள் ஒரே கதையின் இரண்டு பிரதிகள், பெயர் மட்டும் வேறு.

ஒன்று மட்டும் எல்லாக் கேள்விக்கும் தாக்குப்பிடித்தது. அன்னூரிலிருந்து ஒரு பெண் எழுதியது.

'பயந்துட்டேதானுங்க போனேன். மொத மாசம் ஒண்ணும் புரியலீங்க, பஸ்ஸுல உக்காந்து அழுதுபோட்டேன். இப்ப வெப்சைட் பண்ற கம்பெனில சேந்துட்டனுங்க. என்னாலயே முடியுதுன்னா உங்களாலயும் முடியுமுங்க.'

கேள்விகள் எல்லாம் சரிதான். ஆனால் நான் நம்பியது அவற்றால் இல்லை. அந்த 'ங்க'வால். மற்றவர்கள் அறிவிப்புப் பலகைத் தமிழில் எழுதியிருக்க, இது பக்கத்து வீட்டில் காப்பிப்பொடி வாங்க வந்தவர் பேசுவதுபோல் இருந்தது. அண்ணியும் இதைத்தான் முதலில் காட்டியிருந்தார். "நம்ம பக்கத்துப் புள்ளை, அம்மணி. இவியளுக்கெல்லாம் பொய் எழுத வராது."

ஆனாலும் புரோகிராமில் ஒரு குறை சரியாகிவிட்டது என்று யார் சொன்னாலும், நானே ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் அதை முடித்து வைக்கமாட்டேன். அந்தப் பெண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். 'அதுக்கென்னங்க, ஞாயித்துக்கெழமை ஊட்டுக்கே வாங்க' என்று பதில் வந்தது.

ஞாயிறு காலை அண்ணியும் நானும் ஸ்கூட்டரில் சத்தி ரோட்டைப் பிடித்து அன்னூர் போனோம். டயர்க் கடைக்கு மேலே மாடி வீடு. அண்ணி வயதுதான் இருக்கும் அவருக்கு. முன்பின் தெரியாத எங்களைச் சொந்தபந்தம், ஒறம்பரை வந்ததுபோல் உட்கார வைத்தார். தண்ணீர் வந்தது, டீ வந்தது, தட்டு நிறைய மிக்சர் வந்தது. ஜன்னலோரம் தையல் மெஷின் மேல் லேப்டாப் மூடியிருந்தது.

"கோர்ஸ் எப்புடீங்க?" அண்ணி ஆரம்பித்தார்.

"பரவால்லீங்க. நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"வேலை கெடைக்குமுங்களா?"

"எனக்குக் கெடச்சுதுங்களே."

"அப்ப நான் சேரலாமுங்களா?"

"உங்க விருப்பமுங்க. படிச்சா நல்லதுதானுங்க. மிக்சர் எடுத்துக்குங்க."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ராஜினாமாவே எழுதியிருந்தது. எனக்கோ ஏதோ இடறியது. கேட்டதற்கெல்லாம் பதில் வந்துவிட்டது, ஆனால் சேருங்கள் என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் சாம்பார் அடிபிடித்திருந்தாலும், எப்படி இருக்கிறது என்று பரிமாறுபவர் கேட்டால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வது பரவால்லீங்கதான்.

அண்ணிக்கும் அது காதில் விழுந்திருக்க வேண்டும். எடுத்த மிக்சரைக் கையிலேயே வைத்துக்கொண்டு சிரித்தார். "ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க கம்பெனில, மோட்டார் எப்புடி ஓடுதுன்னு கேட்டு 'பரவால்லீங்க'ன்னு சொன்னா, மறுநாளே மெக்கானிக்க அனுப்பிச்சுபோடுவோம்."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் நான் கேட்டேன். "நேத்து என்ன வேலை பாத்தீங்க?"

"நேத்து சனிக்கெழமைங்களே."

"வெள்ளிக்கெழமை?"

டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தக் கம்பெனி வேலை முடிஞ்சுபோச்சுங்க. மூணு மாசம் பாத்தாங்க, பத்தாதுன்னுட்டாங்க. இப்பத் திருப்பூர் பனியன்காரங்க ரெண்டு பேருக்கு வெப்சைட் பாத்துக்கறனுங்க. மீதி நேரம் ஊட்டுல உக்காந்து படிக்கறேன். அங்க விட்டதையெல்லாம் இப்பத்தான் புரிஞ்சுக்கறனுங்க."

வேலையில் சேர்ந்த வாரம் வகுப்புக்கு ஸ்வீட் பாக்ஸ் கொண்டுபோயிருக்கிறார். பின்னால் வருகிறவர்களுக்கு உதவும், ரெண்டு வரி போடுங்கம்மா என்று ஆசிரியர் கேட்டிருக்கிறார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதியதுதான் நாங்கள் படித்தது.

"பொய் எழுதலீங்க," என்றார்.

"பொய்யில்லீங்க," என்றார் அண்ணி உடனே. "ஆனா அத எடுத்துரலாமில்லீங்களா?"

"எப்புடீங்க? நாமளே நல்லாருக்குன்னு போட்டுட்டு நாமளே அழிச்சா, சொல்லிக் குடுத்தவிய என்ன நெனப்பாங்க? எத்தனையோ பேரு மெசேஜ் பண்ணிக் கேட்டாங்க. எல்லார்த்துக்கும் பரவால்லீங்கன்னு மட்டும்தான் போட்டேன். அதுலயே புரிஞ்சுக்குவாங்கன்னு நெனச்சனுங்க."

நேரில் சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன இழுவை இருக்கும், பார்வை வேறு பக்கம் போகும், மிக்சர்த் தட்டு நகரும். போனில் அது வெறும் நல்ல வார்த்தை.

"உங்ககூடப் படிச்சவங்களுக்கெல்லாம் வேலை கெடச்சுதுங்களா?" என்று கேட்டேன்.

"கொஞ்சப் பேருக்குக் கெடச்சுதுங்க. கெடைக்காதவிய எழுதறதில்லீங்களே."

கிளம்பும்போது வாசல்வரை வந்து, "ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க," என்றார். குறை சொல்லிவிட்டோமோ என்ற கவலை அவருக்கு. எதற்கும் இருக்கட்டும் என்று அண்ணியின் எண்ணை வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் கோவில்பாளையத்தில் ஒரு பேக்கரியில் நிறுத்தினோம். அண்ணி தேங்காய் பன்னைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாரே தவிர சாப்பிடவில்லை.

"கோவமுங்களா அண்ணி?"

"யாரு மேல கோவிக்கறது? அந்தப் புள்ளை மேலயா? அதே வாரத்துல ஸ்வீட் பாக்ஸோட நின்னிருந்தா நானும் அதத்தான் எழுதியிருப்பேன், கண்ணு." பிய்த்த துண்டுகளை ஒன்றாகச் சேர்த்தார். "ஆனா மூணு மாசத்துல வெளிய அனுப்பிச்சிருந்தா எனக்குப் போறதுக்கு எடமில்ல."

"அப்பப் படிக்கறதையே விட்டர்றீங்களா?"

"அப்புடின்னு யாரு சொன்னா? வேலைய விடலீன்னுதான் சொல்றேன்." சேர்த்த துண்டுகளை ஒரே வாயாகப் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை டிபன் பாக்ஸோடு வழக்கம்போல பம்ப்செட் கம்பெனிக்குப் போனார். அன்று மாலையிலிருந்து சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதி அவருடையது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களைப் படிக்கிறார். நான் தினமும் எட்டிப் பார்க்கிறேன். இதனால் அவருக்கு வேலை கிடைக்குமா என்பது எனக்குத் தெரியாது. அண்ணியிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வாரம் அன்னூரிலிருந்து அண்ணிக்கு ஒரு செய்தி வந்தது. 'சித்த பாருங்க' என்று மட்டும் இருந்தது. குழுவைத் திறந்து பார்த்தோம். பழைய கதையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதற்குக் கீழே புதிதாகச் சேர்த்திருந்தார்.

'இது சேந்த வாரத்துல எழுதுனதுங்க. இப்ப அந்தக் கம்பெனில இல்லீங்க. சொல்லிக் குடுத்தவங்க மேல கொறையில்லீங்க. இருக்கற வேலைய விட்டுட்டுச் சேர்றதா இருந்தா எனக்கு ஒரு போன் பண்ணுங்க.'

அண்ணி அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். அண்ணன் சட்னியை வழித்துக்கொண்டே கேட்டார். "இப்ப இது ஜெயிச்ச கதையா, தோத்த கதையா?"

"மோட்டார்கூடக் குடுக்கற சர்வீஸ் கார்டுங்க," என்றார் அண்ணி. "எப்ப ஓடுச்சு, எப்ப நின்னுச்சுன்னு தேதி போட்டுருக்குதல்ல."

தட்டுகளை ஒதுக்கிவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். முந்தின நாள் எழுதிய புரோகிராம் அப்போதும் பாதியிலேயே நின்றுகொண்டிருந்தது.

"எப்புடி ஓடுதுங்க அண்ணி?"

"பரவால்ல, கண்ணு."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.