தளும்பும் லாரி

புகையில்லாப் பயணத்தைப் பற்றிப் பேசுவதற்காக, கரும்புகை கக்கும் தண்ணீர் லாரியில் போய் இறங்கியவன் நான். ஒரகடம் தொழிற்சாலை ஒன்றின் பசுமை விழாவுக்கு என் மின்சார ஸ்கூட்டரில் பெருமையாகத்தான் கிளம்பினேன். சார்ஜ் போட மறந்திருந்ததால் அது பிள்ளைப்பாக்கத்தில் நின்றுவிட்டது. டீக்கடையில் அதை விட்டுவிட்டு, வந்த லாரியில் ஏறிக்கொண்டேன்.

ஓட்டியவருக்கு ஐம்பது வயதிருக்கும். தலை நரைத்திருந்தது, மீசைக்கு மட்டும் சாயம். ஒவ்வொரு வேகத்தடையிலும் தொட்டித் தண்ணீர் தளும்பிச் சாலையில் கொட்டியது. ஒவ்வொரு முறையும் பக்கக் கண்ணாடியில் அதைப் பார்த்து "ச்சு" என்றார்.

"எந்த ஊர்த் தண்ணி?"

"நம்ம கிணறுதான் சார். நீங்க போற கம்பெனி தோட்டத்துக்குத்தான் போவுது."

"வீட்டுக்கு?"

காலடியில் இருந்த தண்ணீர் கேனைக் காட்டினார். "வூட்டுக்கு இதான். கிணத்துல இப்ப சேறுதான் வருது."

"இறைக்கிறதை நிறுத்தலாமே?"

"நான் நிறுத்தினா பக்கத்துக் கிணத்துக்காரன் இறைப்பான் சார். ஊத்து ஒண்ணுதான. வத்துற வரைக்கும் ஓட்டிக்கினு இருக்க வேண்டியதுதான்."

விழாவில் நன்றாகவே பேசினேன். கைதட்டினார்கள். பிறகு மரக்கன்று ஒன்றை நடச்சொல்லி, குழாயைக் கையில் கொடுத்தார்கள். தண்ணீர் கலங்கலாக வந்தது. பாதி, குழிக்கு வெளியே சிந்தியது. என்னை அறியாமல் "ச்சு" என்றேன். வாசலில் அவர் அடுத்த நடைக்கு லாரியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன்.

"உங்க ஸ்கூட்டரையாவது ப்ளக்ல சொருகலாம்," என்றாள். "அவரு கிணத்தை எதுல சொருகுவாரு?"