சிவப்பு ஹெல்மெட்காரர்

எங்கள் வாசகர் வாட்ஸ்அப் குழுவில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. அந்த வாரம் படிக்கப்போகும் நான்கு புத்தகங்களைத் தன் சிவப்பு ஹெல்மெட்டுக்குள் நிற்கவைத்துப் படம் போடுவார். உடனே இதயங்கள் குவியும். மாதத்துக்கு ஒன்று முடிக்கவே திணறும் எனக்கு வயிறு எரியும்.

ஒருமுறை துணிந்து நானும் ஒரு நாவலைப் பரிந்துரைத்தேன். ஒரு மணி நேரமாகியும் யாரும் பதில் போடவில்லை. வெட்கமாகி அழித்துவிட்டேன். மறுவாரம் அதே நாவல் அவருடைய ஹெல்மெட்டுக்குள் நின்றது. அதற்கும் இதயங்கள் குவிந்தன.

பிறகு ஒரு நாள் லாஸ்பேட்டை டீக்கடையில் அந்த ஹெல்மெட்டைப் பார்த்தேன். என்னைவிட இளையவர், ஒல்லியான ஆள். புத்தகம் ஒன்றுக்குக் காலண்டர் தாளில் அட்டை போட்டுக்கொண்டிருந்தார். என் பெயரைச் சொல்லி, “அந்த நாவல மொதல்ல சொன்னது நான்தாங்க” என்றேன்.

“தெரியும்க்கா! நீங்க அழிக்கறதுக்குள்ள பாத்துட்டேன். நல்ல புக்கு, யாருக்கும் தெரியாம போவுதேன்னுதான் போட்டேன்.”

“என் பேரையும் போட்டிருக்கலாமே?”

“நீங்களே அழிச்சிட்டீங்களே, பேரு வேணாம் போலன்னு நெனச்சேன். இப்ப போட்டுடவா?” என்று போனை எடுத்தார்.

“ஐயோ, வேணாங்க” என்றேன். சரியென்று போனைப் பைக்குள் வைத்துவிட்டார்.

இன்னொரு தடவை கேட்டிருக்கக் கூடாதா அந்த மனிதர்?