பலகையில் இல்லாத வீடு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்களில் பலர் அண்ணன் படத்தைக் கும்பிட்டுவிட்டு நேராக இந்தப் பக்கத்துக்கு வந்திருப்பீர்கள். இரண்டாவது ரயில்வே லைன் வருகிறதா, யார் யார் இடம் போகிறது, தம்பியிடமாவது சொல்லிவிட்டுப் போனாரா என்று பார்க்கத்தான். ஊர்ப் பேச்சு எனக்கும் தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நான் கொத்தனார். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அண்ணி எழுதச் சொன்னார்கள்.

அண்ணன் பிறந்தது திருவரங்குளம் பக்கம், அம்மாவின் ஊரில். வளர்ந்தது இங்கே, லைன் ஓரத்தில். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அண்ணன் பத்தாவது முடித்ததும் குவாரிக்குக் கல் உடைக்கப் போனார். அவர் உடைத்த கல்லில்தான் நாங்கள் சாப்பிட்டோம். பிறகு ரயில்வேயில் கேங்மேன் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்போது கீமேன். சுத்தியலோடு தண்டவாளத்தை ஒட்டி நடந்து, கழன்ற கிளிப்பை அடித்து ஏற்றுகிற வேலை. வெயில், மழை பார்க்காத வேலை. குடி, சீட்டு கிடையாது. மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை.

லைன் வேலை அவருக்கு ஒரு குணத்தைக் கொடுத்தது. தட்டிப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். தேங்காயை எல்லாரும் தட்டுவார்கள். அண்ணன் கடைக்காரர் தராசையும் தட்டுவார். பஸ்ஸில் கம்பியைத் தட்டிவிட்டுத்தான் பிடிப்பார். பெண் பார்க்கப் போன வீட்டில் தூணைத் தட்டியவர். அண்ணி இன்றும் அதைச் சொல்வார்கள். "தூணத் தட்டிட்டு என்னையப் பாத்தாரு. அடுத்து என்னையத் தட்டுவாரு போலன்னு உள்ள போயிட்டேன்."

தட்டிப் பார்த்ததில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போடுவார். இதைப் பார்த்தாகிவிட்டது, மறுபடி பார்க்க வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். லைனில் அது பழக்கம். வீட்டுக்கு வந்தும் விடவில்லை. அண்ணன் வீட்டுக் கேஸ் சிலிண்டரில் கோடு இருக்கும். கட்டில் காலில் கோடு இருக்கும்.

என் வீட்டையும் சொல்ல வேண்டும். லைன் ஓரத்தில் என் பங்கு இடத்தில் நானே கட்டினேன். கீழ்த்தளம் முடிந்தது. மாடியையும் முடித்துவிட்டு ஒரேயடியாகப் பால் காய்ச்சலாம் என்று இருந்தேன். அதற்குள் வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். சாமானை ஏற்றி வந்து இறங்கிவிட்டோம். பால் காய்ச்சவில்லை. மாடிக்கு விட்ட கம்பிகள் மேலே நின்றன.

ஒரு கல்யாண மண்டபத்தில், என் மாமனார் வீட்டு ஆட்கள் முன்னால், அண்ணன் ஆரம்பித்தார். "ஊருக்கெல்லாம் வீடு கட்டுறவன் சொந்த வீட்டுக்குப் பால் காச்சல. பொழுது சாஞ்சா எந்தத் தைரியத்துல வெளக்கு ஏத்துறான்னு தெரியல."

"என் வீட்டப் பத்தி இனிமே நீங்க பேசாதீங்கண்ணே" என்றேன்.

அவர் சரி என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் வீட்டைப் பற்றிப் பேசவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு பொம்மை ரயில் வந்தது. மாப்பிள்ளை பேரனுக்கு வாங்கி வந்தது. விரல் நீளப் பெட்டிகள், சுற்றி வரும் தண்டவாளம். பேரன் கொஞ்சம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் செல்போனுக்குப் போய்விட்டான். அண்ணன் பழைய கதவு ஒன்றைப் பலகையாகக் கட்டில்மேல் படுக்கப் போட்டு, அதில் தண்டவாளத்தைப் பூட்டி ரயிலை ஓடவிட்டார். பார்த்துவிட்டு, "லைன் மொட்டையா கெடக்கு" என்றாராம்.

அன்று தொடங்கியது. ரயிலை அவர் அதிகம் தொடவில்லை. லைன் ஓரத்தைத்தான் செய்தார். எங்கள் ஊர் ஓரத்தில் என்னென்ன இருக்கிறதோ அவ்வளவும். கேட் ரூம், சிக்னல் போஸ்ட், கிலோமீட்டர் கல், விசில் போர்டு, வாய்க்கால் பாலம், கேங் சாமான் வைக்கிற ரூம். அதைத் தாண்டி வீடுகள், கிணறு, ஐயனார் கோயில் குதிரை.

சுவருக்குக் கல்யாணப் பத்திரிகை. தடித்த அட்டை, வெட்டினால் பிசிறு வராது. கேட் ரூம் பின்சுவரில் இன்றைக்கும் ஒரு மணமகள் பெயர் பாதி தெரியும். மாத்திரை அட்டையின் வெள்ளித் தாளில் நகத்தால் வரி போட்டுத் தகரக் கூரை. சைக்கிள் ஸ்போக்கில் கரண்ட் கம்பம். ரீஃபில் குழாயில் சிக்னல். காயவைத்த டீத்தூள் மண். தேங்காய் நார் கருவேல முள். ஜல்லிக்குக் கிரஷர் தூள் கேட்டார். வேலை நடந்த இடத்திலிருந்து நான்தான் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். விசில் போர்டுக்குப் பளிச்சென்று மஞ்சள் அடித்து, காய்ந்ததும் அதன்மேல் அழுக்குத் துணியால் தேய்த்தார். ஏன் என்றேன். "புதுசா இருந்தா எவன் நம்புவான்" என்றார். வீடுகளுக்குள் சீரியல் செட் பல்பு வைத்தார். சுவிட்சைப் போட்டால் ஊர் மொத்தமும் விளக்கு எரியும்.

அளக்காமல் எதையும் செய்ய மாட்டார். டேப்பை எடுத்துக்கொண்டு காலையில் கிளம்புவார். பாலத்தை அளப்பார், கிணற்றை அளப்பார், வீட்டுச் சுவரைத் தட்டி அளப்பார். அளந்து முடித்ததும் வெள்ளைக் கோடு.

அங்கேதான் வினை. அப்போதுதான் எங்கள் லைனில் கரண்ட் கம்பம் போட்டு முடித்திருந்தார்கள். அடுத்தது இரண்டாவது லைன் என்று பேச்சு. இந்த நேரத்தில் ரயில்வேயில் இருந்த ஆள் டேப்பைப் பிடித்துக்கொண்டு லைன் ஓரமாகப் போகிறார். போன இடமெல்லாம் வெள்ளைக் கோடு. ஊர் சும்மா இருக்குமா.

அண்ணன் மறைக்கவில்லை. பொம்மை செய்கிறேன் என்றுதான் எல்லாரிடமும் சொன்னார். அதை ஒருவரும் நம்பவில்லை. பேரனுக்குப் பொம்மை செய்ய எவனாவது பாலத்தை அளப்பானா என்று டீக்கடையில் கேட்டார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பக்கத்துத் தோட்டத்துக் கருப்பையா மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க அண்ணன் எங்கிட்டு எம்புட்டு எடுக்கப் போறாராம்? சொல்லிட்டா நான் மோட்டரையாவது கழட்டிக்கிருவேன்ல."

பொம்மைதான் மாமா என்றேன். "நீயும் சேந்து மறைக்கிற" என்றார்.

பிறகு ஒவ்வொருவராக அண்ணன் வீட்டுக்குப் பலகையைப் பார்க்கப் போனார்கள். நலம் விசாரிக்கிற மாதிரிப் போய், கண்ணால் தங்கள் இடத்தைத் தேடினார்கள். அதில் ஊர் இரண்டானது. பலகையில் இருக்கிற இடமெல்லாம் போகும், அதனால்தான் குறித்து வைத்திருக்கிறார் என்று ஒரு கட்சி. பலகையில் இருப்பதெல்லாம் தப்பிக்கும், இல்லாததுதான் போகும் என்று இன்னொரு கட்சி. மாமா முதல் கட்சி. அவர் கிணறு பலகையில் இருந்தது. நேரே போய் அதை எடுத்துவிடச் சொன்னார். "கெணறு அங்க இருக்குல்ல. இருந்தா இங்கயும் இருக்கும்" என்றார் அண்ணன். மறுவாரம் மாமா கட்சி மாறிவிட்டார். கிணறு பலகையில் இருப்பதே நல்லது என்று சொல்லத் தொடங்கினார்.

நான் இதையெல்லாம் சிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அங்கே போய்வந்த என் மனைவி சோற்றை வைத்துவிட்டுச் சொன்னாள். "கெழக்க மாமா கெணறு இருக்கு. மேக்க குதிரை இருக்கு. நடுவுல நம்ம வீட்டக் காணோம். வெறும் மண்ணு."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். வீடு நிற்க வேண்டிய இடத்தில் டீத்தூள் மண் மட்டும். அந்த இடத்தில் ஒரு முள் இல்லை, ஒரு கல் இல்லை. கூட்டித் தண்ணீர் தெளித்த வாசல் மாதிரி இருந்தது. அண்ணன் கேட் ரூமுக்கு ஜன்னல் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதை அவர் பார்த்தார். நான் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் வீட்டை அவர் அளந்திருந்தார். தெருப்பக்க மூலையில் வெள்ளைக் கோடும் போட்டிருந்தார். அளந்த வீடு, கோடு போட்ட வீடு, பலகையில் மட்டும் இல்லை. நான் இரண்டாவது கட்சி ஆனேன்.

மாடி வேலைக்குச் செங்கல் இறக்கியிருந்தேன். அதை வேறு வேலைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். போகப் போகிற வீட்டுக்கு எதற்கு மாடி. கிரஷர் தூள் கொண்டுபோவதையும் நிறுத்தினேன். பிறகு பார்த்ததெல்லாம் அதற்குத் தோதாகவே பட்டது. பழைய ரயில்வே ஆட்கள் அண்ணன் வீட்டுக்கு வந்தால், என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிற மாதிரி இருக்கும். ஒரு நாள் வாசலில் ஜீப் நின்றது. உள்ளே சிரிப்புச் சத்தம். பலகையைப் பார்க்க வந்தவர்கள் என்று அண்ணி சொன்னார்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். நம்பவில்லை. அண்ணன் என் வீட்டு வழியாகப் போகும்போது நின்று மாடிக் கம்பிகளைப் பார்ப்பார். அது ஏன் என்றும் எனக்குச் சந்தேகம்.

அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கூட இருந்தேன். பேச்சு குறைந்துவிட்டது. மதியம் கஞ்சி குடித்த பிறகு கட்டில் கம்பியை விரலால் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாடி வேல?"

என் வாயைப் பிடுங்கிப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"கெடக்குண்ணே" என்றேன்.

வீட்டைப் பற்றிப் பேசாதீங்க என்று நான் சொல்லியிருந்தேன். அதில் அவ்வளவுதான் அவர் மீறினார். மறுநாள் காலையில் போய்விட்டார்.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது கருப்பையா மாமா பக்கத்தில் வந்து, "கடைசியா எதுவும் சொன்னாரா?" என்றார். அவர் கேட்டது எனக்குப் புரிந்தது. இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தி கலைந்ததும் அண்ணி கூப்பிட்டார்கள். சாமி மாடத்திலிருந்து மஞ்சள் துணிப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். பிரித்தேன். உள்ளங்கை அளவு வீடு. என் வீடு. தெருப்பக்க மூலையில் நூல் கனத்துக்கு வெள்ளைக் கோடுகூட இருந்தது. மேலே மாடி இருந்தது. நான் கட்டாத மாடி.

அண்ணி சொன்னது இதுதான். "மொதமொதல்ல செஞ்சதே இதத்தான் தம்பி. வைக்கத்தான் மாட்டேன்னுட்டாரு. பலகைல வச்சா சுவிச்சப் போட்டதும் வெளக்கு எரியும். பால் காச்சாத வீட்டுல தம்பிக்கு முன்னாடி நான் வெளக்கு ஏத்துனதா ஆயிரும், அது அவன் புள்ளைகளுக்கு ஆகாதும்பாரு. மாடிய முடிச்சுப் பால் காச்சட்டும், அன்னைக்கு வைப்போம்னாரு."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல அண்ணி."

"நானும் சொன்னேன். வீட்டப் பத்திப் பேசாதீங்கன்னுட்டான், எந்த வாயால பேசுறதுன்னாரு."

அவர் நான் மாடியை முடிக்கக் காத்திருந்தார். அவர் வீட்டை வைக்காததால் நான் மாடியை நிறுத்தி வைத்திருந்தேன். இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

அந்த வீட்டைக் கையில் வைத்துத் தட்டிப் பார்த்தேன். சுவர் கெட்டியாக இருந்தது. ஒரு தப்பு இருந்தது. மாடிப்படியை நான் மேற்கே நினைத்திருந்தேன். அண்ணன் கிழக்கே வைத்து, படி முடிகிற இடத்தில் ஒரு ஜன்னலும் வைத்திருந்தார். அங்கே நின்றால் லைன் தெரியும். எல்லாரையும் அனுப்பிவிட்டு டேப்பை எடுத்து அந்தப் பொம்மையை அளந்தேன்.

இந்த வருடத்தில் மாடியை முடித்தேன். படி கிழக்கேதான். ஜன்னலும் இருக்கிறது. அண்ணன் போய் ஒரு வருடம் திரும்பாமல் நல்ல காரியம் கூடாது என்பதால் பால் காய்ச்சவில்லை.

ஆம்புலன்ஸ் ஓட்டிவந்த தம்பிக்கு நன்றி. யூனிபார்மோடு வந்து தோள் கொடுத்த கேங் ஆட்களுக்கு நன்றி. சிங்கப்பூரிலிருந்து உடனே வந்து பதினாறு வரை நின்ற மாப்பிள்ளைக்கு நன்றி. காரியத்துச் சமையலுக்கு அதே கிணற்றிலிருந்து தண்ணீர் கொடுத்த கருப்பையா மாமாவுக்கு நன்றி. அண்ணனிடம் ஒரு நாளும் பலகையை எடுத்து வெளியே போடுங்கள் என்று சொல்லாத அண்ணிக்கு, நன்றி என்று எழுதினால் போதாது.

இரண்டாவது லைன் வருமா, எனக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். சந்தேகம் இருப்பவர்கள் அண்ணி வீட்டுக்குப் போய்ப் பலகையைத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

நினைவு மலரில் நல்ல காரியத்துக்கு அழைக்கக் கூடாது என்பார்கள். திவசம் முடியட்டும். தனியாகப் பத்திரிகை அடித்து வீட்டுக்கு வந்து கொடுக்கிறேன். தடித்த அட்டையில் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அடுப்பில் பால் பொங்கியதும் அண்ணி இங்கிருந்து போய் அந்தப் பொம்மை வீட்டைப் பலகையில் அதன் இடத்தில் வைத்துச் சுவிட்சைப் போடுவார்கள்.

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. தெருப்பக்க மூலையில் இருக்கிற அந்த வெள்ளைக் கோட்டை மட்டும் விட்டு அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.