ஈட்டிக்கு மட்டும் டிக்கெட்: குடவாசலிலிருந்து தஞ்சாவூருக்கு

போன மாசி மாதம் குடவாசல் பக்கம் போய் வந்தேன். கோயில் பார்க்கப் போகவில்லை, ஈட்டி எறிகிற ஒரு பெண்ணைப் பார்க்கப் போனேன்.

வேலைக்காகப் பின்லாந்தில் மூன்று வருடம் இருந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பியவள் நான். அங்கே நான் குடியிருந்த சின்ன ஊரில், கோடை மாலைகளில் ஈட்டி எறிதல் பார்க்க ஊரே மைதானத்துக்கு வந்துவிடும். நம் ஊரில் கிரிக்கெட்டுக்குக் கூடுவோமே, அப்படி. அதைப் பற்றி இந்த வலைப்பூவில் எழுதியபோது, களத்தின் ஓரம் தள்ளுவண்டியில் ஒரு குழந்தை தூங்கியதையும் அதன் அம்மா எறிந்துகொண்டிருந்ததையும் ஒரு வரியில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ரேவதி என்ற வாசகி கேட்டிருந்தார்: "அந்தக் குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள்?"

எனக்குத் தெரியவில்லை. ஊர் திரும்பிய பிறகு எதிலும் மனசு நிற்காமல், அறைக்குள் நடந்துகொண்டே இருந்த நாட்கள் அவை. அந்தக் கேள்வி வேறு சேர்ந்துகொண்டது. ரேவதிக்கு வயது இருபத்து நான்கு, கையில் எட்டு மாதக் குழந்தை, தஞ்சாவூரில் மாநில அணிக்கான தேர்வுப் போட்டி வருகிறது என்று கடிதப் போக்குவரத்தில் தெரிந்தது. வரட்டுமா என்று கேட்டேன். "வாங்கக்கா" என்று பதில் வந்தது. அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

எழும்பூரில் இரவு ரயில் ஏறினால் விடியும்போது கும்பகோணம். அங்கிருந்து குடவாசல் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். நகரப் பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று போவதால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. குடவாசலில் இறங்கி, ஆட்டோவில் இன்னும் கொஞ்ச தூரம் உள்ளே போனால் ரேவதியின் ஊர்.

சம்பா அறுவடை முடிந்திருந்தது. அறுத்த நெல்தாளுக்கு நடுவே எல்லா வயலிலும் உளுந்து முளைத்துப் பச்சையாக நின்றது. வாய்க்காலை ஒட்டிய ஒரு வயல் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. ரேவதி எறிகிற இடம் அதுதான். ஓடி வருவதற்காக ஒரு பட்டையை மட்டும் மண் கொட்டி இறுக்கியிருந்தார்கள். தள்ளித் தள்ளிக் குச்சி நட்டு, அதில் பழைய புடவைத் துண்டுகளைக் கட்டியிருந்தார்கள். அவைதான் தூரக் குறிகள்.

வயல் ரேவதியின் மாமியார் சந்திராவுடையது. மகன் செந்தில் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர். அறுப்பு நடக்கும் ஊர் ஊராக இயந்திரத்தோடு போய்விடுவார். வீட்டில் மாமியார், மருமகள், குழந்தை யாழினி, மூன்று பேர்தான். ஊரில் ஆளாளுக்குப் பேசியிருக்கிறார்கள். பிள்ளை பெற்றவளுக்கு இனி என்ன ஓட்டமும் எறிதலும் என்று உறவிலேயே கேட்டிருக்கிறார்கள். நல்ல ஈரம் இருந்தும் உளுந்து தெளிக்காமல் ஏன் விட்டீர்கள் என்று நானும் கேட்டேன்.

"உளுந்து அடுத்த வருசமும் வரும்மா" என்றார் சந்திரா, குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டே. "இவளுக்குக் கை இப்பதான் திரும்பி வந்துருக்கு."

பள்ளிக்கூட நாட்களில் ரேவதி அரசு விளையாட்டு விடுதியில் இருந்தவர். சாப்பாடு, முட்டை, பயிற்சியாளர், காலணி எல்லாம் கிடைத்தது. கல்லூரியிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில்தான் இடம். படிப்பு முடிந்த அன்றோடு எல்லாம் நின்றுபோயிற்று. பிறகு கல்யாணம், குழந்தை. இப்போது பழைய பயிற்சியாளருக்குக் கைபேசியில் காணொளி அனுப்புவார், அவர் நேரம் கிடைக்கும்போது திருத்தம் சொல்லுவார், அவ்வளவுதான். அன்று மாலை ரேவதி எறிவதைப் பார்த்தேன். ஈட்டி போய் விழுந்த இடத்துக்கு அவரே நடந்துபோய் எடுத்துவந்தார். வரப்பில் உட்காரச் சொன்னார்கள். என்னால் உட்கார முடியவில்லை, நானும் கூடவே நடந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் நாலு பேரும் கிளம்பினோம். ஏழடிக்கு மேல் நீளமான ஈட்டியைத் தண்ணீர்க் குழாய் ஒன்றுக்குள் செருகி, இரண்டு முனையிலும் சாக்கு சுற்றியிருந்தார் ரேவதி. மைதானத்தில் தருகிற ஈட்டி எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாதாம், சொந்த ஈட்டிதான் கைக்குப் பழக்கம். குடவாசலில் முதலில் வந்த பேருந்து எங்களை ஏற்றிக்கொள்ளவில்லை. வளைவில் திரும்பும்போது யார் கண்ணிலாவது குத்திவிட்டால் யார் பதில் சொல்வது என்று நடத்துநர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பும் இல்லை. பேருந்து போய்விட்டது. ரேவதி குழாயை மின்கம்பத்தில் சாய்த்துவிட்டு, சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கைபேசியில் வாடகைக் கார் தேடினேன். ஒருவரும் எடுக்கவில்லை.

அடுத்த பேருந்தின் நடத்துநர் குழாயைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள என்னம்மா?"

"ஈட்டிங்க. தஞ்சாவூர்ல போட்டி."

"சீட்டுக்கு அடியில படுக்க வைங்க. உங்க மூணு பேருக்கும் ஃப்ரீ. அதுக்கு மட்டும் லக்கேஜ் டிக்கெட் போட்டுர்றேன்."

கும்பகோணத்தில் தஞ்சாவூர்ப் பேருந்து மாறினோம். நாற்பது கிலோமீட்டர், காலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ஓட்டுநர் குழாயைத் தன் பக்கத்தில் இன்ஜின் மூடியை ஒட்டி வைக்கச் சொல்லிவிட்டார். ரேவதி வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு தோளை உருட்டிக்கொண்டே வந்தார். பெயர் பதிவு முடியும் தறுவாயில் மைதானத்துக்குள் நுழைந்தோம்.

ஈட்டி எறிதலில் முதலில் எல்லோருக்கும் மூன்று முறை. அதில் முன்னால் நிற்கும் எட்டுப் பேருக்கு மட்டும் மேலும் மூன்று. கடைசியில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் மாநில அணியில் சேரலாம். ரேவதியின் முதல் எறிக்குச் சிவப்புக் கொடி, கோட்டைத் தாண்டிவிட்டார். இரண்டாவது சுமார். மூன்றாவது அதைவிடக் குறைவு. ஐந்தாவது இடத்தில் நின்றார். வெயில் ஏறிவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் யாழினி வீறிட ஆரம்பித்தாள். சந்திரா கேழ்வரகுக் கூழை ஊட்டிப் பார்த்தார், துப்பிவிட்டாள். ரேவதியின் சட்டை நெஞ்சுப் பக்கம் நனைந்திருந்தது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

அவர் நடுவரிடம் போனார். நானும் வேலியோரமாக நகர்ந்தேன்.

"பாப்பா அழுவுது சார். பால் குடுத்துட்டு உடனே வந்துடறேன்."

நடுவர் இளைஞர். முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. களத்தை விட்டு வெளியே போனால் போட்டியிலிருந்து நீக்க வேண்டிவரும், மற்றவர்கள் புகார் செய்வார்கள் என்றார். அவருக்குப் பின்னால் நாற்காலி போட்டுத் தூரங்களைக் குறித்துக்கொண்டிருந்த அம்மாள் எழுந்து, கையிலிருந்த அட்டையை நடுவரிடம் கொடுத்தார்.

"அதிகாரி ஒருத்தர் கூடப் போனா விதியில எடம் இருக்கு சார். நான் போறேன். நீங்க எழுதுங்க."

பார்வையாளர் படிக்கட்டுக்குப் பின்னால் ஒரு சுவரின் நிழலில் ரேவதி உட்கார்ந்தார். நான் துப்பட்டாவை விரித்துப் பிடித்தேன், இன்னொரு முனையை அந்த அதிகாரி பிடித்துக்கொண்டார். குழந்தை மூச்சு வாங்க வாங்கக் குடித்தது. ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராக வந்துகொண்டிருந்தது. ரேவதிக்கு முந்தைய பெண்ணின் பெயர் வந்ததும் குழந்தையை விலக்கி மாமியார் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். குழந்தை மறுபடி அழுதது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த எறி எப்படிப் போனது என்று எனக்கு விவரிக்கத் தெரியாது. ஈட்டி தாழ்வாகப் புறப்பட்டது, விழவேண்டிய நேரத்தில் விழாமல் இன்னும் போனது. வெள்ளைக் கொடி. இரண்டாம் இடம். மீதி இரண்டு சுற்றிலும் மற்றவர்கள் நெருங்கி நெருங்கி வந்தார்கள், யாரும் தாண்டவில்லை. சந்திரா வேலிக் கம்பியை விட்டுக் கையை எடுத்தபோது உள்ளங்கையில் கம்பியின் தடம் பதிந்திருந்தது.

ரேவதியின் சிரிப்பு கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. தேசியப் போட்டி வடக்கே, ரயிலில் போகவே இரண்டு நாள். அணி ஒன்றாகப் போகும், ஒரு வாரம் விடுதியில் தங்கும், வீராங்கனைகளுக்கு மட்டும்தான் இடம் என்று சொன்னார்கள். குழந்தையைக் கூட்டிவரலாமா என்று கேட்டோம். கூடாது என்று மறுக்கவில்லை, இப்படி ஒருவர் வந்து கேட்பார் என்றே யாரும் நினைத்திருக்கவில்லை.

திரும்புகிற பேருந்தில் ரேவதி மெதுவாகக் கேட்டார்: "பால மறக்கடிச்சிடட்டுமா அத்தை?"

சந்திரா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வாரத்துக்காகவா?" என்றார். கொஞ்சம் கழித்து, "நானும் வர்றேன். விடுதிக்குப் பக்கத்துல மனுசங்க தங்குற எடமே இருக்காதா?" என்றார்.

ஒரு நாடு ஏன் பதக்கம் வாங்குகிறது, இன்னொன்று ஏன் வாங்குவதில்லை என்று நம்மவர்கள் பேசும்போது உடல்வாகு, சாப்பாடு, மன உறுதி என்று அடுக்குவார்கள். நானும் பேசியிருக்கிறேன். ஒரு அம்மா குழந்தையோடு வந்து எறிவதற்கான வழியை, பின்லாந்தில் பழக்கமாகிப்போய் யாரும் கவனிக்காத ஒன்றை, இங்கே ஒரு மாமியாரும், லக்கேஜ் டிக்கெட் போட்ட ஒரு நடத்துநரும், நாற்காலியை விட்டு எழுந்த ஒரு அம்மாளும் அன்றன்றைக்குச் சேர்த்துக் கட்டவேண்டியிருக்கிறது. அவர்களில் ஒருவர் அன்று விடுப்பில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்னும் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. விடுதியும் முட்டையும் கொடுத்து ரேவதியை வளர்த்ததும் இதே நாடுதான். பாதி வழி வரை கொண்டுவந்து விட்டுவிட்டது.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். குடவாசலில் தங்குவதற்கு வசதி குறைவு, கும்பகோணத்தில் அறை எடுப்பது நல்லது. மாசியில் காலையும் மாலையும் இதம், பதினோரு மணிக்கு மேல் வயல்வெளியில் நிற்க முடியாது. நீளமான பொருள் கொண்டுபோனால் முதல் பேருந்தை நம்பி நேரம் கணக்குப் போடாதீர்கள். கைக்குழந்தையோடு போட்டி பார்க்கப் போகிறவர்கள் பெரிய துப்பட்டா ஒன்றைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்திராவுக்கும் எனக்கும் ரயில் டிக்கெட் போட்டுவிட்டேன், இன்னும் உறுதியாகவில்லை. தேசியப் போட்டி நடக்கும் ஊரில் விடுதிக்கு எதிரே ஒரு சின்ன தங்குமிடம் இருப்பதாக இணையத்தில் பார்த்தேன். குழந்தைக்கு வெந்நீர் கிடைக்குமா என்று மட்டும் கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறார் சந்திரா. காலையிலிருந்து அந்தத் தங்குமிடத்துக்கு அழைத்துக்கொண்டிருக்கிறேன். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. இதைப் பதிவேற்றிவிட்டு மறுபடி அழைக்க வேண்டும்.